வாசகர் கேள்வி: 1974-இல் கொடுத்த குடியிருப்புச் சீட்டு

கேள்வி: என்னோடு ஆலையில் வேலை பார்க்கும் சூலு இன நண்பருக்கு ஊர் குவாசூலு-நட்டாலில் நொங்கோமா பக்கம். மறைந்த அவர் தந்தைக்கு 1974-இல் கிடைத்த ‘பர்மிஷன் டு ஆக்குபை’ காகிதத்தை வங்கி ஏற்க மறுக்கிறது. அது பட்டா இல்லையா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பட்டா இல்லை. குடியிருக்கவும் பயிரிடவும் கொடுத்த அனுமதி. 1913 நிலச் சட்டம் நாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது. 1936 சட்டம் அதைச் சுமார் 13 விழுக்காடாக்க வழிசெய்தது. ஆனால் வாங்கிய நிலம் அரசின் டிரஸ்ட் பெயரில் போனது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் சொந்த மண்ணில் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவந்த கொடுமை இதுதான். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் இந்தியர்களான நம்மை டர்பனின் ‘கேட்டோ மேனர்’ பகுதியிலிருந்து விரட்டியது. ஆனால் ஒதுக்கிய பகுதிக்குள் நம் பெயரில் பத்திரம் எழுத முடிந்தது. கறுப்பின மக்களுக்கு அதுவும் இல்லை.

நண்பரின் சீட்டு, கறுப்பினப் பகுதிகளில் நில ஒதுக்கீட்டுக்கு விதி வகுத்த 1969-இன் ஆர் 188 பிரகடனத்தின் காலத்தது. குடும்பத் தலைவர் விண்ணப்பிப்பார். அரசு அதிகாரியான கமிஷனர், இன்கோசி (குலத் தலைவர்) தரப்பைக் கலந்து மனையோ விளைநிலமோ ஒதுக்குவார். பெரும்பாலும் அளவை வரைபடம் கிடையாது. இந்துனா (இன்கோசியின் கீழுள்ள ஊர்த்தலைவர்) நேரில் வந்து காட்டியதே எல்லை. பத்திரப் பதிவகத்திலும் ஏறாது, அனுமதியின்றிக் கைமாறவும் முடியாது. பிறகு வங்கி எதை அடமானமாகப் பிடிக்கும்? நிலத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் சீட்டை ரத்து செய்யவும் இடமிருந்தது. வாரிசு வரிசையில் ஆண்களே முன்னால். கணவன் இறந்தபின் பல பெண்கள் மகன் தயவிலோ மைத்துனர் தயவிலோ வாழ்ந்தார்கள்.

அதற்காகக் காகிதத்தை வீசிவிட வேண்டாம். இத்தகைய உரிமையை 1996-இன் இடைக்காலப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஆண்டுதோறும் அதை நீட்டித்து வருகிறார்கள். அந்த வட்டாரத்தில், சூலு மன்னரைப் பொறுப்பாளராகக் கொண்டு நிலத்தை வைத்திருக்கும் இன்கொன்யாமா டிரஸ்ட் 2007 முதல் சீட்டுக்குப் பதிலாகக் குத்தகை எழுதச் சொன்னது. குத்தகையில் ஒப்பமிட்டவர் தம் நிலத்துக்கே வாடகைதாரர் ஆனார். 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, வாங்கிய வாடகையைத் திருப்பித் தரவும் ஆணையிட்டது.

நண்பர் முதலில் காவல் நிலையத்தில் நகலுக்குச் சான்று வாங்கட்டும். மூலத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது. அடுத்து, எல்லை தெரிந்த அண்டை வீட்டுப் பெரியவர்களிடம் உறுதிமொழி வாக்குமூலம் எழுதி வாங்கவேண்டும். அவர்கள் காலத்துக்குப் பின் எல்லை சொல்ல ஆளிருக்காது. தாயும் சகோதரிகளும் அங்கே குடியிருந்தால் அவர்கள் பெயரும் அதில் வரவேண்டும். குத்தகைத் தாள் நீட்டினால், சட்ட உதவி மையத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.