காய்ச்சலோடு வேலைக்கு வருபவரை எப்படித் தடுப்பது?

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் வாடிக்கையாளர் சேவை மையத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து நாள் முழுக்க ஃபோனில் பேசும் வேலை. ஸ்பிளிட் ஏசி ஓடுவதால் ஜன்னல்களைத் திறப்பதில்லை. சுவாசத் தொற்று மறுபடி பரவத் தொடங்கியிருப்பதால் எங்கள் முதலாளி ஒரு பட்ஜெட் போட்டிருக்கிறார்: வாசலில் வெப்பமானி, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு, வாரம் ஒருமுறை கிருமிநாசினிப் புகை, மனநலத்துக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு. போன அலையில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்த ஒருவரிடமிருந்து பாதி ஹாலுக்குப் பரவியது. அந்தச் சமயத்தில் தாயை இழந்த ஊழியர் ஒருவர், வேலைக்குத் திரும்பியதிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. பணம் குறைவு. எதை முதலில் செய்வது?

பதில்: காய்ச்சலை மறைத்தவர் ஏன் மறைத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், அல்லது மாதம் முழுக்க வந்தால்தான் வருகை ஊக்கத்தொகை கிடைக்கும். இந்த இரண்டும் இருக்கும்வரை வாசலில் எந்தக் கருவியை வைத்தாலும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீட்டு வாடகையையும் உடம்பையும் தராசில் வைக்கச் சொன்னால் வாடகைதான் கனக்கும்.

அதனால் முதல் செலவு நோய்க்கால சம்பளத்துக்கு. முதலாளியிடம் கணக்காகவே சொல்லுங்கள். ஒருவர் ஐந்து நாள் சம்பளத்தோடு வீட்டில் இருந்தால் இழப்பு ஐந்து ஆள்-நாள். அவர் வந்து பத்துப் பேருக்குக் கொடுத்து, அவர்களும் ஐந்து நாள் படுத்தால் இழப்பு ஐம்பது ஆள்-நாள். விதியை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, காரணமில்லாத உடல்வலி இருந்தால் வர வேண்டாம், ஒரு ஃபோன் போதும். முதல் ஐந்து நாளுக்கு முழுச் சம்பளம், மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். சான்றிதழ் கேட்டால் அதற்காகவே கிளினிக் வரிசையில் நின்று நோயைப் பரப்புவார்கள், இல்லாவிட்டால் அலுப்பில் வேலைக்கே வந்துவிடுவார்கள். வருகை ஊக்கத்தொகையை அலை ஓயும்வரை எல்லோருக்கும் வந்ததாகவே கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். நிறுத்தி வைத்தால் ஊழியருக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். சிலர் பொய் சொல்லி லீவு எடுப்பார்களே என்று கேட்பார்கள். எடுக்கலாம். அந்த நஷ்டம் ஐம்பது ஆள்-நாளுக்குப் பக்கத்தில்கூட வராது.

திரும்பி வருவதற்கும் விதி வேண்டும். காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற அறிகுறிகளும் குறைந்துகொண்டு வர வேண்டும். வந்த பிறகு ஐந்து நாள் மாஸ்க். ஆன்டிஜென் டெஸ்ட் கிட் பயன்படுத்தினால், அறிகுறியுள்ளவருக்கு ஒருமுறை நெகட்டிவ் வந்ததை நம்பிவிடாதீர்கள். தொற்றின் தொடக்கத்தில் வைரஸ் அளவு குறைவாக இருப்பதால் டெஸ்ட் தவறவிடும். 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். புதிய கிருமியாக இருந்தால் இதை விட்டுவிட்டு உங்கள் பகுதி சுகாதாரத் துறை சொல்லும் நாள் கணக்கைப் பின்பற்றுங்கள்.

அடுத்தது காற்று. 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோலில், ஒரு கட்டடத்தின் 11-ஆம் மாடியில் இருந்த கால் சென்டரில் 216 ஊழியர்களில் 94 பேருக்குக் கோவிட் உறுதியானது. பெரும்பாலோர் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அதே வாசலையும் லிஃப்டையும் பயன்படுத்திய மற்ற மாடிக்காரர்களில் தொற்று கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லிஃப்டில் கடந்துபோவதைவிட, ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு மணிக்கணக்காகச் சேர்ந்து பேசுவதே பெரிய ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு குறைவு. உங்கள் ஹாலும் அந்த வகைதான்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிர வைத்துத் திரும்ப விடுகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், பேசும்போது வெளிவரும் நுண்துளிகளைப் பிடிக்காது. ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஹாலை அளங்கள். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 288 கன மீட்டர். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் காற்று என்பது உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன குறைந்தபட்ச அளவு. 40 பேருக்கு நொடிக்கு 400 லிட்டர், அதாவது மணிக்கு 1,440 கன மீட்டர். உங்கள் ஹாலின் காற்று மணிக்கு ஐந்து முறை முழுதாக மாற வேண்டும் என்று அர்த்தம். அப்படி மாறினால், நோயாளி ஒருவர் எழுந்துபோன பிறகு மிதக்கும் துளிகளில் 99 சதவீதம் நீங்க ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். மணிக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்த 1,440-ஐ ஒரே வழியில் எட்ட வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன்கள் உண்மையில் மணிக்கு 700 கன மீட்டர் வெளியேற்றினால், ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள ஏர் ப்யூரிஃபையர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் மணிக்கு 400 கன மீட்டர் சுத்தக்காற்று தருவதாக இருந்தால், கணக்கு நேராகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எண் அதிகபட்ச வேகத்துக்கானது. அந்த வேகத்தில் ஃபோனில் பேசமுடியாதபடி சத்தம் வரும், யாராவது குறைத்துவிடுவார்கள், பாதிக் காற்றுதான் கிடைக்கும். அதனால் நடு வேகத்தில் 400 தரக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது ஒன்று கூடுதலாக வையுங்கள். அயனியாக்கி, ஓசோன் என்று விளம்பரம் செய்யும் கருவிகள் வேண்டாம். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதில் அடிக்கடி நடக்கும் தவறு, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே அதை மாட்டுவது. உள்ளே வரும் நல்ல காற்றை உடனே வெளியே தள்ளிவிடும், ஹாலின் மறுகோடியில் ஒன்றும் அசையாது. ஃபேன் ஒரு பக்கச் சுவரில் இருந்தால் திறப்பு எதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொரு தவறு, திறப்பே இல்லாமல் ஃபேனை மட்டும் ஓடவிடுவது. அப்போது கழிப்பறை வழியாகவோ படிக்கட்டு வழியாகவோ காற்றை இழுக்கும். ஜன்னலை நாலு விரற்கடை திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஏசி கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், மின்கட்டணம் ஏறும். ஏறட்டும்.

வெளிக்காற்று போதுமான அளவு வருகிறதா என்று பார்க்க ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். நாம் விடும் மூச்சில் அந்த வாயு இருப்பதால், வெளிக்காற்று வராத ஹாலில் அது சேர்ந்துகொண்டே போகும். அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவை நேராக அளக்கும் ‘என்.டி.ஐ.ஆர்.’ வகை சென்சார் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான சிலவற்றில் அந்த சென்சாரே இருக்காது, வேறு வாயுக்களை வைத்து ஊகித்து எண் காட்டும். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில், ஜன்னலிலிருந்தும் ஆட்களின் வாயிலிருந்தும் தள்ளி வைத்து, காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் குறித்துவையுங்கள். 800-க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். வெளிக்காற்றின் குறையை ப்யூரிஃபையரால் ஈடுகட்டும் ஹாலில் எண் இதற்கு மேலேயே நிற்கலாம். ப்யூரிஃபையர் கிருமியை வடிகட்டும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. எனவே மீட்டரில் எண் இறங்கவில்லை என்பதற்காக அதை அணைத்துவிடாதீர்கள்.

இந்தச் செலவுகளுக்குப் பணம் முதலாளியின் பட்டியலிலிருந்தே கிடைக்கும். பிளாஸ்டிக் தடுப்புகளை விட்டுவிடச் சொல்லுங்கள். நுண்துளிகள் சிகரெட் புகை மாதிரி தடுப்பைச் சுற்றிக்கொண்டு வரும், தடுப்போ நல்ல காற்றோட்டத்தை மறித்துவிடும். கிருமிநாசினிப் புகையும் வேண்டாம். 2020 மே மாதமே உலக சுகாதார அமைப்பு, உள்ளிடங்களில் இப்படித் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அந்த ரசாயனம் இளைப்பு உள்ளவர்களுக்குத் தனித் தொல்லை. கோவிட் போன்ற நோயில் அறிகுறி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று பரவிவிடுவதால் வாசல் வெப்பமானி கொடுப்பது பொய்யான நிம்மதி. சோப்பும் தண்ணீரும் இருக்கட்டும், அது போதும்.

மாஸ்க் கொடுப்பதென்றால் என்95 அல்லது எஃப்எஃப்பி2 கொடுங்கள். துணி மாஸ்க் நீண்ட நேரப் பேச்சுக்குத் தாங்காது. முகத்தில் ஒட்டியிருப்பதுதான் முக்கியம். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, வேகமாக மூச்சு விட்டால் கண் பக்கம் காற்று வரக்கூடாது. தாடி இருந்தால் பொருந்தாது. துவைத்தால் வடிகட்டும் திறன் போய்விடும். ஈரமானாலும் பட்டை தளர்ந்தாலும் மாற்ற வேண்டும். மாஸ்க்கோடு எட்டு மணி நேரம் பேசுவது உண்மையிலேயே கடினம், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே போய்க் கழற்றி மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றும் இடம் சாப்பாட்டு அறை. ஹாலில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அங்கே இருபது பேர் நெருங்கி உட்கார்ந்து பேசினால் எல்லாம் வீண். பத்துப் பத்துப் பேராக, நடுவில் பதினைந்து நிமிட இடைவெளியோடு, திறந்த ஜன்னல் பக்கம்.

இனி மனம். மனநல வகுப்பு தவறில்லை. ஆனால் தூக்கம் கெட்டுப்போனவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் மேசையில் இன்னொருவர் வேலையையும் வைத்தால் அந்த வகுப்பு அவருக்கு அவமானமாகப்படும். நாற்பதில் பத்துப் பேர் லீவு, மீதி முப்பது பேர் அதே வேலையை முடிக்க வேண்டும் என்றால் வாரம் 48 மணி நேரம் 64 ஆகிவிடும். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆகவே ஆள் குறைவதற்கு முன்பே உட்கார்ந்து, பத்துப் பேர் இல்லாவிட்டால் எந்த வேலையை நிறுத்துவோம், எந்த அழைப்புக்கு மறுநாள் பதில் சொல்வோம் என்று எழுதி முதலாளியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு யாருக்கும் ‘இதை நிறுத்தலாம்’ என்று சொல்லத் துணிவு வராது.

ஊழியர்களை அரிப்பது நோய் பயத்தோடு வேலை பயமும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆள் ஐந்து நிமிடம் பேசட்டும்: எத்தனை பேர் லீவில், எந்த விதி மாறியது, எது இன்னும் தெரியவில்லை, அடுத்து எப்போது சொல்வோம். எந்த மாதம்வரை சம்பளம் உறுதி என்று சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். யாருக்குத் தொற்று என்ற பெயர் மட்டும் ஒருபோதும் வெளியே வரக்கூடாது. ஒரு பெயர் கசிந்தால் அடுத்தவர் மறைப்பார், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

டீம் லீடர்கள் ஒவ்வொருவரிடமும் வாரம் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும். டார்கெட் பேச்சு அதில் வேண்டாம். ‘தூக்கம் எப்படி, வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா, வேலையில் எதைக் குறைத்தால் உதவும்’ என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவதற்கு வரும் பதிலில் ஒன்றையாவது அந்த வாரமே செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் எல்லோரும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள்.

தொற்றிலிருந்து மீண்டவர்களைப் பற்றியும் டீம் லீடர்களுக்குச் சொல்லிவையுங்கள். சிலருக்கு உழைப்புக்குப் பின் வரும் தளர்ச்சி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்க்கும். திங்கட்கிழமை நன்றாக இருந்தாரே என்று முழு ஷிஃப்ட் போட்டுவிடுவதால்தான் புதன்கிழமை மறுபடி படுக்கிறார். முதல் வாரம் அரை நாள் வேலை, அது தாங்கினால் அடுத்த வாரம் முக்கால்.

தாயை இழந்த அந்த ஊழியரை எல்லோருக்கும் நடுவில் உட்கார வைத்துப் பேசச் சொல்லாதீர்கள். கட்டாயமாக மனதைக் கொட்டச் சொல்வது உதவுவதில்லை. நீங்களோ அவர் நம்பும் ஒருவரோ, வேலை நேரத்திலேயே, கதவு மூடிய அறையில், ‘அம்மா போனதுக்கப்புறம் உங்ககிட்ட நான் சரியா பேசவே இல்லை. இப்போ எப்படி இருக்கீங்க?’ என்று ஆரம்பியுங்கள். அவர் மௌனமாக இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் மௌனமாக இருங்கள். காலம் ஆற்றும், மற்றவர்களுக்கும் நடந்ததுதானே என்ற வார்த்தைகள் வேண்டாம். தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்து, அந்தப் பொழுதை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால், உயிரை விட்டுவிட நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூடவே போங்கள்.