டிடிஎஸ் 850-ன்னா பயப்படணுமா?

கேள்வி: அக்கா, நாங்க பெங்களூர் கே.ஆர்.புரத்துல வாடகை வீட்ல இருக்கோம், போர் தண்ணிதான். பாப்பாவுக்கு 4 மாசம், பவுடர் பால்தான் குடிக்கிறா. ஆர்ஓ விக்க வந்தவர் மீட்டர் வெச்சு டிடிஎஸ் 850-ன்னாரு, அப்புறம் கரண்ட் கம்பி விட்டு காமிச்சாரு, தண்ணி அப்படியே சேறு மாதிரி ஆயிடுச்சு. இதெல்லாம் விஷமாம். உடனே வாங்கிடவா?

பதில்: அந்த சேறு உங்க தண்ணில இருந்து வரல தங்கச்சி, அந்த கம்பியில இருந்து வந்தது. உப்பு இருக்க தண்ணில கரண்ட் நல்லா பாயும், இரும்புக் கம்பி கரைஞ்சு துரு கலர் வரும், ஆர்ஓ தண்ணில உப்பு கம்மி அதனால தெளிவா நிக்கும், அவ்ளோதான் வித்தை. டிடிஎஸ்-ங்கிறது மொத்த உப்புக் கணக்கு. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) விடுது. ஆனா ஈயமோ ஆர்சனிக்கோ லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் லிமிட், அதத் தாண்டினா அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

அதுக்காக சும்மா இருங்கன்னு சொல்லல. எனக்கு கவலை நைட்ரேட் மேலதான். சாக்கடை, செப்டிக் டேங்க் கசிஞ்சு போர்ல இறங்குறது, லிமிட் லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்க வெச்சா போகாது, தண்ணி வத்துறதால இன்னும் கூடும். நீங்க 60 கிலோ, 2 லிட்டர் குடிக்கிறீங்கன்னு வைங்க, கிலோவுக்கு 33 மில்லி. பாப்பா 6 கிலோ, 900 மில்லின்னா கிலோவுக்கு 150. அதே தண்ணிதான், அவ உடம்புக்கு நாலரை மடங்கு போகுது, அதுவும் 6 மாசத்துக்குள்ள நைட்ரேட் ரத்தத்துல ஆக்சிஜன் ஓட்டத்தையே கெடுக்கும். உதடு, நகம் நீலமா தெரிஞ்சா ஒரு நிமிஷம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

முதல்ல என்ஏபிஎல் (லேப்களுக்குத் தரச் சான்று தர்ற அமைப்பு) அங்கீகாரம் இருக்க லேப்ல நைட்ரேட், ஃப்ளோரைடு, ஈயம், ஆர்சனிக், கிருமி எல்லாம் கேட்டு டெஸ்ட் குடுங்க (ஃப்ளோரைடு ஏன்னா கோலார் பக்கம் அது ரொம்ப நாள் தொல்லை, நீங்க அந்த ரோட்லதான இருக்கீங்க). கிருமிக்கு லேப் தர்ற பாட்டில்லயே பிடிங்க, வீட்டு பாட்டில் வேணாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் பாப்பா பாலுக்கு மட்டும் சீல் உடைக்காத ஐஎஸ்ஐ கேன் தண்ணிய கொதிக்க வெச்சு ஆற விடுங்க.

நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ ஜாஸ்தின்னு வந்தா ஆர்ஓ வாங்குங்க, வெறும் யூவி மெஷின் கிருமியத்தான் கொல்லும், இதுக்கு ஆகாது. மாட்டினப்புறம் வெளிய வர்ற தண்ணியயும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணுங்க. கிருமி மட்டும்னா யூவி போதும். அந்த ஆள்கிட்ட அட்வான்ஸ் எதுவும் குடுத்துடலயே?