மாவுக்கட்டு, பிந்தி வந்தவர், இரவுப் பேருந்து: தொழுகைக் கேள்வி-பதில்

இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் தண்ணீர் படக்கூடாதாம். உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) எப்படிச் செய்வது ஹள்ரத்? நான் ஷாஃபிஈ மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று).

ஹனஃபீக்களுக்கு (இன்னொரு மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு) இதில் வேலை குறைவு. கட்டில்லாத பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் பாதிக்கு மேல் தடவினால் போதும். தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் தடவுவது) வேண்டாம், பிறகு களாச் செய்யவும் (மீட்டித் தொழவும்) வேண்டாம்.

ஷாஃபிஈ மத்ஹபில் மூன்று வேலை. வெளியே தெரியும் விரல்களையும், கட்டுக்கு மேலே முழங்கை வரையுள்ள தோலையும் கழுவ வேண்டும். கட்டு முழுவதையும் ஒருமுறை ஈரக்கையால் தடவ வேண்டும். கட்டுக்குள் தண்ணீர் படாமல் போன இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். தயம்முமை உளூவின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். உறுப்புகளின் வரிசை பேணப்பட வேண்டும் என்பதால் முகம் கழுவியபின், தலைக்கு மஸஹ் செய்வதற்கு (ஈரக்கையால் தடவுவதற்கு) முன், கைகளின் முறை வரும்போதே அதை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு தலை, கால்.

பலர் தவறுவது தயம்முமில்தான். டைல்ஸ் பதித்த ஆஸ்பத்திரிச் சுவரில் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் தடவிக்கொள்கிறார்கள். ஷாஃபிஈயில் தூசியுள்ள சுத்தமான மண் வேண்டும். உலர்ந்த மண்ணைச் சலித்து ஒரு சிறு பையில் வைத்துக்கொண்டால் கவலை இல்லை. முகத்துக்கு ஒரு தட்டு, இரு கைகளுக்கும் முழங்கை வரை ஒரு தட்டு. கட்டின் மேலும் தடவுவது சுன்னத் (விரும்பத்தக்கது), கட்டாயமில்லை. தொழுகை நேரம் வந்த பிறகே செய்ய வேண்டும். உளூ முறியாமல் அடுத்த பர்ளு (கட்டாயத் தொழுகை) வந்துவிட்டால் தயம்முமை மட்டும் புதுப்பித்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டு இருப்பது கையில், அதாவது தயம்மும் செய்யும் உறுப்பில். அதனால் குணமானபின் இந்த ஆறு வாரத் தொழுகைகளையும் மீட்டித் தொழ வேண்டும் என்பதே மத்ஹபின் சட்டம். காலில் கட்டிருந்து, உளூவுடன் இருக்கும்போது போடப்பட்டு, தேவைக்கு மேல் தோலை மறைக்காமலும் இருந்தால் மீட்ட வேண்டியதில்லை. தொழுததைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மீட்டுவது மிகச் சிரமம் என்றால், இந்த விஷயத்தில் ஹனஃபீ சட்டத்தைப் பின்பற்றலாமா என்று உங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) நேரில் கேளுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று நீங்களாகக் கலக்காதீர்கள்.

மஃரிபில் (மாலைத் தொழுகை, மூன்று ரக்அத்) இமாம் கடைசி ரக்அத்தின் (தொழுகையின் ஒரு சுற்று) ருகூவில் (குனிந்த நிலை) இருக்கும்போது சேர்ந்தேன். மீதியை எப்படித் தொழ வேண்டும்?

முதலில் அந்த ரக்அத் கிடைத்ததா என்று பாருங்கள். நேராக நின்று தக்பீர் தஹ்ரீமா (தொழுகையைத் தொடங்கும் "அல்லாஹு அக்பர்") சொல்லி முடித்த பிறகே குனிய வேண்டும். அவசரத்தில் குனிந்துகொண்டே "அல்லாஹு அக்பர்" சொன்னால் தொழுகையே தொடங்கவில்லை. பிறகு, இமாம் நிமிர்வதற்கு முன் நீங்கள் ருகூவை அடைந்திருக்க வேண்டும். ஷாஃபிஈயில் அந்த ருகூவில் ஒரு கணமாவது அசைவின்றி நிலைத்திருக்கவும் வேண்டும். சந்தேகமாக இருந்தால் ரக்அத் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ருகூவைப் பிடிக்கப் பள்ளிக்குள் ஓடி வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்: நிதானமாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பது அவர்களின் கட்டளை.

கிடைத்தது என்றால் பாக்கி இரண்டு. இமாம் (தொழுகையை முடிக்கும்) இரண்டு ஸலாமும் கொடுத்தபின் எழுந்து ஒரு ரக்அத் தொழுது, அத்தஹிய்யாத்துக்கு (இருப்பில் ஓதுவது) உட்காருங்கள். மறுபடி எழுந்து இன்னொன்று, பிறகு கடைசி இருப்பு. இமாமோடு உட்கார்ந்ததையும் சேர்த்தால் மூன்று இருப்பு வரும். தவறாகத் தொழுகிறோமோ என்று மிரள வேண்டாம். ஹனஃபீக்கு எழுந்து தொழும் இரண்டிலும் சூரா (குர்ஆன் அத்தியாயம்) உண்டு. ஷாஃபிஈ இரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து தொழுதுவிட்டால்கூடத் தொழுகை முறியாது, ஆனால் நடு இருப்பை விட்டதற்காக ஸலாமுக்கு முன் ஸஹ்வு ஸஜ்தா (மறதிக்கான சிரவணக்கம்) செய்துகொள்வது சுன்னத்.

இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு மாலை ஐந்தரைக்குப் பேருந்து. மஃரிபுக்கு நிறுத்த மாட்டார்கள். சென்னையில் மூன்று நாள் கல்யாண வேலை. எப்படித் தொழுவது?

தூரம் 500 கி.மீ.க்கு மேல், கஸ்ருக்குத் (பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவது) தேவையான ஏறக்குறைய 80 கி.மீ.யைத் தாராளமாகத் தாண்டுகிறது. ஊர் எல்லையைக் கடந்த பிறகே முஸாஃபிர் (பயணி). உள்ளூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சுருக்கக் கூடாது. அஸரை (பிற்பகல் தொழுகை) வீட்டில் முழுதாகத் தொழுதுவிட்டே ஏறுங்கள்.

ஷாஃபிஈ என்றால் மஃரிபை இஷாவுக்குப் (இரவுத் தொழுகை) பிற்படுத்திச் சேர்க்கலாம். அதற்கு மஃரிப் நேரம் முடிவதற்குள் "இதை இஷாவோடு சேர்த்துத் தொழுவேன்" என்று மனதில் நிய்யத் (எண்ணம்) வைத்திருக்க வேண்டும். நிய்யத் இல்லாமல் தூங்கிவிட்டு இரவு பத்து மணிக்குச் சாப்பிட இறங்கும்போது நினைத்தால், அந்த மஃரிப் களாதான். இறங்கியதும் மஃரிப் மூன்று, இஷா இரண்டு. மஃரிபும் சுப்ஹும் (அதிகாலைத் தொழுகை) சுருங்காது.

ஹனஃபீக்கு ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் ஜம்உ (இரு தொழுகைகளைச் சேர்ப்பது) கிடையாது. முடிந்தால் மஃரிபைக் கடைசி நேரத்திலும் இஷாவை ஆரம்ப நேரத்திலும் தொழ ஒரே நிறுத்தத்தைப் பயன்படுத்தலாம். புறப்படும்போதே ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பத்து நிமிடம் தர மறுப்பவர்கள் குறைவு.

சென்னையில்: வந்த நாளையும் கிளம்பும் நாளையும் விட்டு நான்கு முழு நாளுக்குக் குறைவாகத் தங்கினால் ஷாஃபிஈ சுருக்கலாம். ஹனஃபீ 15 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் சுருக்கியே ஆக வேண்டும். ஆனால் உள்ளூர் இமாமைப் பின்தொடர்ந்தால் இருவருக்கும் நான்குதான். இமாமின் கடைசி இரண்டு ரக்அத்தில் சேர்ந்துவிட்டு, "நான் முஸாஃபிர், இரண்டு போதும்" என்று அவரோடேயே ஸலாம் கொடுப்பவர்களைக் கல்யாண மண்டபங்களுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் நிறையப் பார்க்கலாம். அந்தத் தொழுகை கூடாது.

தொழும்போது சட்டைப்பையில் கைப்பேசி அடித்தால்?

ஒரு கையை மட்டும் கொண்டு சட்டைக்கு மேலாகவே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்துங்கள். ஷாஃபிஈயில் தொடர்ச்சியான மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறிக்கும். ஹனஃபீயில், பார்ப்பவர் இவர் தொழவே இல்லை என்று எண்ணும் அளவுக்குப் போனால் முறியும். வெளியே எடுத்து, யார் அழைத்தது என்று பார்த்து, திரும்பப் பையில் வைப்பது இரண்டிலும் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அடிக்க விட்டு ஐம்பது பேரின் ஓர்மையைக் கெடுப்பதும் சரியல்ல.

மருதாணியோடு உளூ கூடுமா? நெயில் பாலிஷ்?

மருதாணி வெறும் நிறம், கூடும். காய்ந்த விழுது ஒட்டியிருந்தால் உதிர்த்துவிடுங்கள். நெயில் பாலிஷ் நகத்தின் மேல் படலமாக நிற்கிறது, அடியில் தண்ணீர் போகாது. அழித்துவிட்டே உளூவும் குளிப்பும். பெயின்ட் வேலை செய்பவர்களின் கையில் ஒட்டிய பெயின்டுக்கும் இதே சட்டம்.