புதுச்சேரி, கடலூர் பக்கம் வண்டித் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட நல்ல வழி உண்டா?

புதுச்சேரிக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும், வாய்க்கால் ஓரமாக, மரநிழலாக, லாரி ஹாரன் காதில் விழாத தார்ச்சாலை வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர்க்காரன். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்தப் பக்கம் சுற்றி வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் போகிற வழியில் போங்கள்.

ஊரையும் ஊரையும் சேர்க்கப் போட்ட சாலைக்கு எப்போதும் அவசரம். புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலிருந்து கன்னியக்கோவில் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், புரியும். ஒரு பஸ்ஸை முந்தும் இன்னொரு பஸ்ஸுக்கு இடம் விட்டு நீங்கள் மண்ணில் இறங்கி நிற்பீர்கள். வாய்க்கால் கரைக்கு அந்த அவசரம் கிடையாது. மேட்டைக் கண்டால் ஒதுங்கி, பள்ளம் பார்த்து, வயலுக்கு வயல் வளைந்து போகும். நேரத்தை மிச்சப்படுத்த நினைக்கும் எந்த ஓட்டுநரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று கணக்கு. பெரியது ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. என் ஓட்டு பாகூருக்குத்தான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். பங்காரு, சிங்காரு என்று இரண்டு தாசிப் பெண்கள் தங்கள் சொத்தைச் செலவழித்து வெட்டியது என்று ஊரில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, மன்னர் பெயரும் துரை பெயரும் இல்லாமல் ஒரு பெண்ணின் பெயரில் ஓடும் வாய்க்கால் என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

நீங்கள் புதுச்சேரியிலிருந்து வருவதால் தவளக்குப்பம் வரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அங்கே மேற்கே திரும்பி அபிஷேகப்பாக்கம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்கு இறங்கிவிடலாம். கடலூரிலிருந்து வருபவர்கள் ஆல்பேட்டைப் பாலம் தாண்டி, கன்னியக்கோவிலில் இடது பக்கம் திரும்பினால் போதும். திரும்பிய சில நிமிடங்களில் காற்றின் வாசனையே மாறிவிடும். ஈர வயல், சாணம், எங்கோ நெல் அவிக்கும் புகை. ஏரிக்கரையில் ஏறிவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கரைக்குக் கீழே நெல் வயல், நடுவில் வரிசையாகப் பனைமரங்கள். மதகுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விடும். உடற்பயிற்சிக்கு வந்தோம் என்பது மறந்துபோகும்.

பாகூர் ஊருக்குள் மூலநாதர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கற்றளி, அதாவது முழுக்கக் கல்லால் எழுப்பிய கோயில். ஐந்து நிமிடமாவது நின்று அடிப்பகுதியில் உள்ள சிறு சிற்பங்களைக் குனிந்து பாருங்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிக் கொடுத்த செப்பேடும் இந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது. பேருந்து நிறுத்தத்துப் பக்கம் டீயும் இட்லியும் கிடைக்கும். அதற்கு மேற்கே பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பாகூரிலிருந்து மேற்கே வாய்க்காலை ஒட்டிப் போகும்போது கரை முழுக்கத் தார்ச்சாலை என்று நினைத்துவிட வேண்டாம். மண் கரை வரும் இடங்களில் நான் பக்கத்து ஊர்ச்சாலைக்கு இறங்கிவிடுவேன். கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் மறுபடியும் வந்து சேர்ந்துகொள்ளும். இந்தப் பயணத்தில் இன்னொரு வேடிக்கை, புதுச்சேரி நிலம் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு காலையில் எத்தனை முறை எல்லை தாண்டினேன் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். பெயர்ப்பலகையின் நிறமும் சாலையின் தரமும் திடீரென்று மாறினால் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

அந்த எல்லையால்தான் ஒரு எச்சரிக்கையும். தென்பெண்ணை ஆற்றின் இந்தப் பக்கம் புதுச்சேரி மதுக்கடைகள், அந்தப் பக்கம் தாகத்தோடு தமிழ்நாடு. சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கச் சாலைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டு சக்கர வண்டிகள் வரும் கோலத்தைப் பார்த்தால் லாரியே தேவலை என்று தோன்றும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடுவதுதான் என் வழக்கம். அந்த நேரத்தில் எதிரே வருபவர்கள் பால்காரரும் ஆட்டு மந்தையும்தான். நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பத்து அடியில் அதற்கு அலுத்துப்போகும்.

காட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காடு என்றால் உங்களுக்கு ஆரோவில்தான் பக்கம். 1968இல் தொடங்கியபோது மழை அரித்த செம்மண் பொட்டலாக இருந்த மேடு, இன்று வெயில் தரையில் விழாத அளவுக்கு மரம். ஆனால் உள்பாதைகள் பெரும்பாலும் செம்மண், மழை பெய்தால் சைக்கிளும் வேட்டியும் ஒரே நிறமாகிவிடும். சனி, ஞாயிறில் குயிலாப்பாளையம் வழியைத் தவிர்த்துவிடுங்கள். வாடகை ஸ்கூட்டரில் முதல்முறை கைவைத்தவர்கள் அங்கேதான் பழகுகிறார்கள். பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஒதுங்கியிருக்கும் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போங்கள். சாமிக்கு பயந்து யாரும் வெட்டாமல் விட்ட உலர் பசுமைமாறாக் காடு அது. பிச்சாவரத்தில் வாய்க்காலும் காடும் ஒன்றாகவே இருக்கின்றன, என்ன, சைக்கிளை விட்டுவிட்டுப் படகில் ஏற வேண்டும்.

முழு நாள் கையில் இருந்தால் வீராணம். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரி. கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் கொள்ளிடத்து நீர் இங்கே தேங்கி, 2004 முதல் சென்னைக்கும் போகிறது. ஏரிக்கரை மேலேயே நீண்ட சாலை ஓடுகிறது. பஸ் வரும், அதனால் நீங்கள் கேட்ட கணக்கில் சேராது. வடவாற்றுக் கரை அதைவிட அமைதி.

மார்கழியும் தையும் நல்ல பருவம். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்காது, கோயில் ஒலிபெருக்கி வழிகாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டுக்கொண்டு போங்கள். 2024 ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியபோது பாகூர் பக்கத்து ஊர்கள் பலவும் வெள்ளத்தில் நின்றன. மாசிக்கு மேல் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் சாலையை எடுத்துக்கொள்ளும். பிறகு உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். அதன்மேல் ஓட்டினால் கொடி சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். சாலை அவர்களுக்குக் களமும்தான். இறங்கித் தள்ளுங்கள்.

டயர் மட்டும் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். சென்ற தை மாதம் என் மைத்துனர் பெங்களூரிலிருந்து தன் விலையுயர்ந்த பந்தய சைக்கிளோடு வந்திருந்தார். 25 மில்லிமீட்டர் டயர். கரையில் கிடந்த சீமைக் கருவேல முள் பின்சக்கரத்தில் ஏற, கையிலிருந்த மாற்று ட்யூபும் அடுத்த இரண்டாவது கிலோமீட்டரில் போயிற்று. பஞ்சர் கடைப் பெரியவர் ஓட்டையை இரண்டு நிமிடத்தில் ஒட்டிவிட்டார். காற்றடிக்கத்தான் முடியவில்லை. அந்த சைக்கிளின் வால்வு ஒல்லி, நம் ஊர் பம்ப் அதில் உட்காராது. "என்ன தம்பி, ஊசி மாதிரி இருக்கிறது, இதில் காற்று எப்படிப் போகும்?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் உச்சியில் சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு கன்னியக்கோவில் வந்து சேர்ந்தோம். அந்த ஒல்லி வால்வில் நம் ஊர் பம்ப்பைப் பொருத்தவென்றே சிறிய பித்தளை அடாப்டர் சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது. மறுநாளே ஒன்று வாங்கினேன். மைத்துனர் அதையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.