கட்டுமானப் பொறியியல் என்றால் என்ன? ஒரு கட்டடம் எப்படி எழும்புகிறது?

குன்னூர்ப் பக்கம் சைட் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தூண் எத்தனை அங்குலம், உள்ளே எத்தனை கம்பி என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடத்தில் முடிவு செய்வார். அதை எந்த வரிசையில், எந்த மாதத்தில், யாரை வைத்துக் கட்டி முடிப்பது என்று பார்ப்பதுதான் கட்டுமானப் பொறியியல்.

கடக்கால், தூண், சுவர், தளம், பூச்சு என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். மலையில் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. சரிவை வெட்டியதும் மேல்பக்கத்து மண்ணுக்குத் தடுப்புச் சுவர் கட்டியாக வேண்டும். சுவர் கனமாக இருந்தால் மட்டும் போதாது. மழையில் பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரைப் பலமாகத் தள்ளும். அதனால் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய் விடுவோம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்தத் துளைகளைப் பூசி அடைக்கும் வீட்டுக்காரர்களை என்ன சொல்ல! 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு. மழை இல்லாத நேரம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்பதால், மண் வெட்டும் மாதமே ஊருக்கு ஊர் மாறும்.

அடுத்தது சாமான். லாரி ரோட்டோடு நின்றுவிடும், சிமெண்ட் மூட்டை தலைச்சுமையாகத்தான் படியிறங்கும். தளம் போடுகிற அன்று பாதியில் சரக்குத் தீர்ந்தால், விட்டுப் போட்ட இடத்தில் பின்னால் ஒழுகும். எல்லாம் முந்தின நாளே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் குளிர். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன்படி, தாங்கலுக்குத் தாங்கல் நாலரை மீட்டர் வரை நீளும் தளத்துக்கு, அடியில் தாங்கும் முட்டை 7 நாளில் எடுக்கலாம். ஆனால் அது 15 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்காத இடத்துக்குச் சொன்ன கணக்கு. ஊட்டியில் ஜனவரி இரவில் உறைபனியே விழும். சிமெண்ட் இறுகுவது வேதிவினை, குளிரில் அது மந்தமாகிவிடும். பலகையும் முட்டும் அடிக்க சமவெளியிலிருந்து வரும் சென்ட்ரிங் ஆட்களுக்கு இது பழக்கமில்லை. “கல்லாட்டம் ஆயிடுச்சு சார், பிரிச்சிடலாமா?” என்று மேஸ்திரி கேட்பார். தளத்துக்குப் போட்ட அதே கலவையில் கியூப் என்கிற சின்னச் சதுரக் கட்டிகளை வார்த்து, அதே குளிரில் பக்கத்திலேயே வைத்திருப்போம். அதை நசுக்கிப் பார்த்துப் பலம் வந்திருந்தால்தான் பிரிப்போம். அதுவரை பலகை வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வாடகையையும் முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.