மோனேயின் படகு ஓவியத்தில் நீர் ஏன் துண்டு துண்டாகத் தெரிகிறது?

மாறிக்கொண்டே இருக்கும் ஒளியை, கண்ணில் பட்ட கணத்திலேயே தீட்டும் முறைக்கு இம்ப்ரெஷனிசம் என்று பெயர். 1872 வாக்கில், பாரிஸுக்கு அருகே சேன் நதிக்கரையில் உள்ள அர்ஜான்தேயில் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே தீட்டிய படகுப் போட்டி ஓவியம் அதற்கு அருமையான சான்று. மேலே படகுகளின் பாய்கள் வெள்ளையாக விரிந்து நிற்கின்றன. கீழே அவற்றின் பிம்பம் அகலமான தீற்றல்களாக உடைந்து கிடக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் வெறும் வண்ணப் பட்டைகள். நாலடி பின்னால் வாருங்கள், ஆறு அசையும்!

அமைதியான நீரிலும் சிற்றலைகள் உண்டு. ஒவ்வொன்றும் சாய்த்து வைத்த சிறு கண்ணாடி. ஒன்று வானத்தைக் காட்டும், அடுத்தது பாயைக் காட்டும். வாளித் தண்ணீரில் தெரியும் விளக்கைப் பார்த்தபடி வாளியை லேசாகத் தட்டுங்கள்: ஒரே வெளிச்சம் பல கீற்றுகளாகச் சிதறும்.

இந்தத் தீற்றல்களை வரையத் தெரியாதவரின் கிறுக்கல் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் மோனே பதின்வயதிலேயே பிரான்ஸின் லெ ஆவ்ர் நகரில் கேலிச்சித்திரங்கள் வரைந்து விற்றவர்.