ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு மணிக்கட்டுக் கட்டி ஆபரேஷன்: மாத்திரையை நிறுத்தலாமா?

ஹார்ட் அட்டாக்குக்கு ஸ்டென்ட் வைத்து நாலு மாதம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஓடுகிறது, கேங்லியான் (மூட்டருகே வரும் நீர்க்கட்டி) உள்ளங்கைப் பக்க மணிக்கட்டில் என்கிறீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கே ஆபத்து; இதுவோ அவசரமில்லாத கட்டி, பல தானாகவே சுருங்கிவிடும். அட்டாக்குக்குப் பின் வழக்கமாக 12 மாதம் இரண்டு மாத்திரையும் உண்டு. அதுவரை தள்ளிப்போடுவதே நல்லது என்பேன். முடிவு இதய மருத்துவருடையது.

முக்கியமாக, ஆஞ்சியோ அதே கை வழியாகவா செய்தார்கள்? அப்படியானால் ஊசி போட்டு உறிஞ்சக்கூட விடாதீர்கள், முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். துடிக்கும் வீக்கம், ஆஞ்சியோவுக்குக் குழாய் நுழைத்த இடத்தில் தமனிச் (ரத்தக்குழாய்) சுவர் கிழிந்து உண்டான ரத்தப்பையாகவும் இருக்கலாம். (தமனிமேல் உட்கார்ந்த சாதாரண கேங்லியானும் துடிக்கும், கையால் தொட்டுச் சொல்ல முடியாது.)

பிறகு ஆபரேஷன் என்றால், இந்த இடத்துக் கட்டி கட்டைவிரல் பக்கத்து ரேடியல் தமனியோடு ஒட்டிக் கிடக்கும். மணிக்கட்டுத் தமனிகளை அழுத்திப் பார்க்கும் ஆலன் சோதனை செய்து, சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனி மட்டுமே கைக்குப் போதுமா என்று முன்பே பார்ப்பார்கள். தமனியில் ஒட்டிய கட்டிச் சுவர்த் துண்டைப் பிய்க்காமல் விடுவதே பத்திரம். ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கையில் இறுக்கும் பட்டை (டூர்னிக்கெட்) கட்டியிருக்கும்வரை கசிவு தெரியாது. தையலுக்கு முன் அதைத் தளர்த்தி, கசியும் இடங்களை பைபோலார் மின்கருவியால் சுட்டு அடைப்பாரா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கட்டு இறுகி விரல் மரத்தாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ, காலைவரை காத்திருக்காதீர்கள்.